பாரதியாரும் பிரிக்கப்பட்ட கடிதங்களும்

பாரதியாரைப் பற்றிய கட்டுரை இல்லாத மாணவர் மன்ற மலர் உண்டோ? அவருடைய நாட்டுப்பற்றைப் பாடுவோர் உளர். பெண் விடுதலை வேட்கையைப் போற்றுவோர் உளர். அவர் வறுமையை எண்ணிக் கண்ணீர் வடிப்போரும் உளர். அறிவியல் மாணவனாகிய நான் அப்பெருமகனாரின் வாழ்க்கையில் வேறொரு பகுதியை எடுத்துக்கொண்டேன். அவருக்கு வந்த கடிதங்களையும் அவர் எழுதிய கடிதங்களையும் பிறர் பிரித்துப் படித்த கதை அது. அதைக் கருத்தூன்றிப் படிக்குமாறு என்னைத் தூண்டியது சென்ற ஆண்டு வண்டூரில் எனக்கு நேர்ந்த ஒரு தலைகுனிவு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் பிழைப்பை நாடி இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து அந்தமானுக்கு வந்த கொத்தனார். நாங்கள் வண்டூரில் குடியமர்ந்தோம். தென் அந்தமானின் மேற்குக் கரையிலுள்ள சிற்றூர் அது. 1983ஆம் ஆண்டில் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குப் படகேறும் துறை அங்கேதான் இருக்கிறது. நான் பள்ளியில் படித்தபோது தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. ஒரு படிவத்தை நிரப்பி அனுப்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். 2020 ஆகஸ்டு 10ஆம் நாள், சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்ட கண்ணாடியிழை வடம் செயற்படத் தொடங்கியது. அதன்பின் ஊரிலிருக்கும் பாட்டியின் முகத்தை நாள்தோறும் கைப்பேசியில் கண்டோம். வீட்டிலிருந்தே பாடம் கேட்டோம். கடையில் சில்லறை தேடும் வேலையும் ஒழிந்தது. இந்த வசதிகளை நான் பழிக்கப் போவதில்லை. கடல் கடந்து வாழ்பவனுக்கல்லவா அவற்றின் அருமை தெரியும்!

சென்ற ஆண்டு என் ஆய்வேட்டுக்குரிய களப்பணிக்காக எட்டாயிரம் ரூபாய் தேவைப்பட்டது. வீட்டில் கேட்கக் கூசினேன். கைப்பேசியில் ஒரு கடன் செயலி கண்ணில் பட்டது. பத்து நிமிடத்தில் பணம் தருவதாக அது சொல்லிற்று. பெயரைக் கேட்டது, படத்தைக் கேட்டது, அடையாள எண்ணைக் கேட்டது, கொடுத்தேன். பிறகு, என் கைப்பேசியில் பதிந்திருந்த எல்லாருடைய எண்களையும் பார்ப்பதற்கு இசைவு கேட்டது. ஒரு கணமும் எண்ணாமல் விரலால் தொட்டு அதையும் கொடுத்தேன். பணம் வந்தது. தவணை ஆறு நாள் தவறியது. ஏழாம் நாள் காலையில் என் படத்தோடு ஒரு செய்தி, நான் ஏமாற்றுக்காரன் என்னும் பட்டத்தையும் சுமந்துகொண்டு, பலருக்குப் போய்ச் சேர்ந்தது. என்னுடைய கடனுக்கு அவர்களே பிணை என்று அதில் எழுதியிருந்தது.

என் ஆசிரியருக்குப் போனது, அத்தைக்குப் போனது. அவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் வண்டூர்த் துறையில் எங்களைப் படகில் ஏற்றிச் செல்லும் தமிழ்ப் பெரியவர் ஒருவருக்கும் அது போனது. எழுத்தறியாதவர் அவர். நாள்தோறும் விடியற்காலையில் யாரோ தொலைபேசியில் அழைத்து அவரை மிரட்டினார்கள். தாமே கடன்பட்டதாக எண்ணி, தம் சேமிப்பிலிருந்து இரண்டாயிரம் ரூபாயை அவர் கட்டிவிட்டார். செய்தி அறிந்து நான் ஓடினேன். அவர் என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. தம்பி, என் பெயர் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்டார். எனக்கு நா எழவில்லை.

அந்தக் கிழமையில்தான், நம் மன்றத்தின் பாரதி விழாவில் பேசுவதற்காக அவர் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். முன்னரே அறிந்த வரலாறுதான். ஆனால் பெரியவரின் வினாவை நெஞ்சில் சுமந்துகொண்டு படித்தபோது அது புதிதாகத் தெரிந்தது.

எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11ஆம் நாள் சுப்பிரமணியம் பிறந்தார். ஐந்தாம் வயதில் தாயை இழந்தார். 1898இல் தந்தையார் சின்னசாமி ஐயரையும் இழந்தார். செல்லம்மாளை மணந்தது அதற்கு முந்திய ஆண்டு. காசியில் சில ஆண்டுகள் வாழ்ந்து, பின் எட்டயபுரம் அரண்மனைக்குத் திரும்பி, 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில திங்கள் தமிழாசிரியராக இருந்தார். அவ்வாண்டு இறுதியில் ஜி. சுப்பிரமணிய ஐயர் நடத்திய சுதேசமித்திரனில் துணையாசிரியராகச் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு வாய்த்த வேலை யாது? ஆங்கிலத்தில் வரும் செய்திகளைத் தமிழாக்குவது. அக்காலத்து விந்தை தந்தியும் தபாலும்தாம். உலகின் ஒரு மூலையில் நடந்தது மறுநாள் சென்னைக்குத் தெரிந்தது. அரை அணாவுக்கு ஒரு கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் போயிற்று. 1879இல் வந்த தபால் அட்டைக்கோ கால் அணாதான். இதை எண்ணிப் பாருங்கள், நண்பர்களே! மூடிய உறைக்கு அரை அணா; யாரும் படிக்கத்தக்க திறந்த அட்டைக்குக் கால் அணா. மறைவை விட்டுக்கொடுத்தால் செலவு பாதியாகக் குறைந்தது. ஏழை மக்கள் அட்டையையே வாங்கினார்கள். வசதிக்கும் மறைவுக்கும் இடையே நாம் இன்று செய்யும் பேரம் அன்றே தபால் நிலையத்தில் நடந்திருக்கிறது.

1906இல் 'இந்தியா' என்னும் கிழமை இதழ் தோன்றியது. அதன் எழுத்தும் உயிரும் பாரதியாருடையவை. ஆனால் அரசாங்கப் பதிவேட்டில் இருந்த பெயர் அவருடையது அன்று, எம். சீனிவாசன் என்பவருடையது. 1908இல் ஆங்கில அரசு இதழின்மீது பாய்ந்தபோது, பதிவேட்டில் பெயர் இருந்த அந்த மனிதர் கைதாகிச் சிறைத்தண்டனை பெற்றார். நண்பர்களின் வற்புறுத்தலால் பாரதியார் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குச் சென்றார். ஏட்டில் எழுதப்பட்ட ஒரு பெயர் ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

புதுவை அவருக்கு அடைக்கலம் தந்தது, அமைதி தரவில்லை. ஆங்கிலப் போலீசாரின் ஒற்றர்கள் அங்கும் வந்தார்கள். அவருக்கு இடம் கொடுத்தோரும் அச்சத்துக்கு ஆளானார்கள். 1908 அக்டோபரில் 'இந்தியா' அங்கிருந்து மீண்டும் வெளிவரலாயிற்று; 'விஜயா' என்னும் நாளிதழும் பின்னர்த் தோன்றியது. ஆனால் அவற்றைப் படிப்போர் வாழ்ந்தது ஆங்கிலேயர் ஆண்ட பகுதியில். இதழ் அவர்களை அடைய வேண்டுமானால் ஆங்கில இந்தியாவின் தபாலைத்தான் நம்பவேண்டும். பகைவனின் கையில் கொடுத்தே நண்பனுக்கு அனுப்ப வேண்டிய நிலை! அரசு அவ்விதழ்கள் எல்லைக்குள் வருவதைத் தடுத்தது. 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது.

கடிதங்களின் நிலையும் அதுவே. 1898ஆம் ஆண்டின் தபால் சட்டம், பொது அமைதியைக் காரணம் காட்டித் தபாலை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. புதுவைத் தேசபக்தர்களின் கடிதங்கள் வழியில் பிரிக்கப்பட்டன. 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சியில் ஆஷ் துரை சுட்டுக் கொல்லப்பட்டபின் காவல் மேலும் இறுகியது. யார் வீட்டுக்கு யார் வருகிறார், எந்நேரம் போகிறார் என்று குறிப்பெடுக்கக் கூலிக்கு ஆட்கள் தெருமுனையில் நின்றார்கள்.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கடிதத்தைப் பிரிக்காமலே அதன் உறையிலிருந்து எவ்வளவு அறியலாம்! யார் யாருக்கு எழுதினார், எந்த ஊரிலிருந்து, எந்த நாளில், எத்தனை முறை என்பன எல்லாம் உறையின்மேலேயே இருக்கின்றன. ஒருவரின் உறைகளை ஓராண்டு சேர்த்து வைத்தால் அவருடைய உற்றார், நண்பர், கடன்காரர், மருத்துவர் எல்லாரும் தெரிந்துவிடுவார்கள். எழுதியவருக்கு மட்டுமா அதனால் இடர்? அவருக்கு மறுமொழி எழுதிய ஏழை உறவினருக்கும், ஒரு ரூபாய் நன்கொடை அனுப்பிய ஊர்க் கணக்கருக்கும் அன்றோ இடர்! கவிஞர் துணிந்து நின்றார். அது அவருடைய தேர்வு. அவரோடு எழுத்துறவு கொண்ட எளியவர்களைப் பட்டியலில் சேர்த்தது அவர்களுடைய தேர்வு அன்று.

ஒற்றர்கள் பார்ப்பதோடு நிற்கவில்லை. வ. வே. சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு சாடியைப் போட்டு வைத்தார்கள். அதனுள் அரசுக்கு எதிரான தாள்கள் இருந்தன. தண்ணீர் இறைத்தபோது அது வெளிப்பட்டது. பாரதியாரும் அரவிந்தரும் என்ன செய்தார்கள்? மறைக்கவில்லை, எரிக்கவும் இல்லை. உடனே பிரெஞ்சுப் போலீசாரிடம் முறையிடச் செய்தார்கள். சதி அவ்வாறு முறிந்தது. நம்மைப் பற்றிய பொய்ச் செய்தி ஒன்று உலவுமானால், அதை நாமே முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதே காப்பு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்னொரு நிகழ்ச்சி. புதுவையில் தங்கும் அயலார் ஐந்து பெரிய மனிதர்களின் கையொப்பத்தோடு நற்சான்று காட்டவேண்டும் என்று அக்காலத்தில் ஒரு விதி வந்தது. அகதிகளை வெளியேற்ற அது போதும். ஆனால் கலவை சங்கரஞ் செட்டியார் முயன்று கையொப்பங்களைப் பெற்றுத் தந்தார். அந்த ஐவரும் யாருக்காகக் கையெழுத்திடுகிறோம், அதனால் என்ன வரும் என்று அறிந்தே இட்டார்கள். பிணை என்பது அதுதான். அறிந்து, விரும்பி, தன் கையால் எழுதுவது.

பாரதியார் ஒளிந்து வாழவும் இல்லை. போலீசாரின் தொல்லையை 'தி இந்து' நாளிதழுக்குக் கடிதங்களாக எழுதி உலகறியச் செய்தார். எழுத்தை நிறுத்தவும் இல்லை. அவருடைய 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகிய நூல்களை 1911இல் அரசு பறிமுதல் செய்தது. 'கனவு' அவர் தம் வாழ்க்கையைத் தாமே பாடிய நூல். ஒருவர் தாமாக விரும்பிச் சொன்ன வரலாற்றைத் தடுத்துவிட்டு, சொல்ல விரும்பாதவற்றைக் கடித உறையினுள் தேடியது அவ்வரசு! அந்த நெருக்கடியிலேதான் பாஞ்சாலி சபதமும், கண்ணன் பாட்டும், குயில் பாட்டும் பிறந்தன. பாஞ்சாலி சபதத்தின் முதற் பகுதி 1912இல் அச்சாயிற்று.

பத்தாண்டு கழிந்தது. 1918 நவம்பர் 20ஆம் நாள் அவர் புதுவை எல்லையைக் கடந்தார்; உடனே கைதானார். கடலூர்ச் சிறையில் மூன்று வாரங்களுக்கு மேல் இருந்து டிசம்பர் 14ஆம் நாள் வெளிவந்தார். நிபந்தனைகள் இருந்தன. திருநெல்வேலி மாவட்டத்தில் குறித்த இடத்தில் வாழவேண்டும். எழுதுவதை வெளியிடுமுன் போலீஸ் அதிகாரிக்குக் காட்டவேண்டும். முன்பு அவர் எழுத்தைத் திருடிப் படித்தவர்களுக்கு இப்போது அவரே கொண்டுபோய்க் கொடுக்கும் நிலை. குடும்பத்தோடு வாழவேண்டும் என்னும் ஆசை ஒருபுறம், எழுத்தின் உரிமை மறுபுறம். அவர் ஒப்புக்கொண்டார். அதற்காக அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. நாமும் வசதிக்காக ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவர் தாம் இழந்தது இன்னது என்று அறிந்து ஒப்புக்கொண்டார்.

மனைவியின் ஊராகிய கடையத்தில் வறுமை வாட்டியது. 1920இல் கட்டுப்பாடுகள் நீங்கின. தம் நூல்கள் அனைத்தையும் 40 தொகுதிகளாக அச்சிடத் திட்டமிட்டார். கையில் பணம் இல்லை. என்ன செய்தார்? நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிக் கடன் கேட்டார். வட்டியோடு திருப்பித் தருவதாகத் தம் கையெழுத்தில் எழுதினார். பணம் திரளவில்லை, திட்டமும் நிறைவேறவில்லை.

அந்தப் பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்தேன். பாரதியாரும் கடன் கேட்டார், நானும் கேட்டேன். அவர் ஈடாக வைத்தது தம் பெயரை. நான் வைத்ததோ பிறர் பெயர்களை. என் கைப்பேசியில் இருந்த 312 பெயர்களில் ஒருவரிடமாவது நான் இசைவு கேட்டேனா? வண்டூர்ப் பெரியவரின் வினாவுக்கு விடை அதுதான். அவர் பெயர் அவர்களுக்குத் தெரிந்தது நான் கொடுத்ததால்.

1920இன் இறுதியில் பாரதியார் மீண்டும் சுதேசமித்திரனுக்கு வந்தார். திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தாக்கப்பட்டார். அதிலிருந்து தேறி, 1921 ஜூலை 31ஆம் நாள் ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்தில் பேசினார். பின்னர் நோயுற்று, செப்டம்பர் 12ஆம் நாள் விடியுமுன் காலமானார். அப்போது அவருக்கு வயது 38. இறுதி ஊர்வலத்தில் வந்தவர்கள் மிகச் சிலரே. இன்று அவர் எழுதிய கடிதத்தின் ஒரு துண்டு கிடைத்தாலும் பொன்போல் போற்றுகிறோம். அன்றோ அவரைப் பின்தொடர்ந்த ஒற்றர்கள் அளவுக்குக்கூட அன்பர்கள் இல்லை.

நூறு ஆண்டுகளில் என்ன மாறியது? அன்று ஒருவரைக் கண்காணிக்க அரசு கூலி கொடுத்து ஆள் வைத்தது. இன்று அந்த ஆளை நாமே விலை கொடுத்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறோம். நாம் நிற்கும் இடத்தையும் உறங்கும் நேரத்தையும் அது குறித்துக்கொள்கிறது. நம் செய்திகளைப் பூட்டி அனுப்பும் செயலிகள் உள்ளன, நல்லதே. ஆயினும் கடிதம் பூட்டியிருந்தாலும் உறை வெளியே தெரிகிறது. யார் யாரோடு பேசினார் என்பது பல இடங்களில் பதிவாகிறது. தொடர்பு எண்களைத் திறந்துவிட்டாலோ ஓராண்டு உறைகளை ஒரே நொடியில் அள்ளிக் கொடுத்ததாகும்.

சட்டமும் சற்று நடந்திருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனமாகத் தீர்ப்பளித்தார்கள். கடன் செயலிகள் வாடிக்கையாளரின் தொடர்பு எண்களைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் நெறிமுறை வகுத்தது. தனிமனிதர் தரவுகளைக் காக்க 2023இல் ஒரு சட்டம் வந்தது. அதே 2023இல், 1898ஆம் ஆண்டின் தபால் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டமும் இயற்றப்பட்டது. தபாலை இடைமறிக்கும் அதிகாரம் அதிலும் இருக்கிறது. ஆகவே காவல் முழுவதையும் சட்டத்திடம் விட்டுவிட்டு நாம் உறங்க இயலாது. எனக்குக் கடன் கொடுத்த செயலி ரிசர்வ் வங்கியின் நெறியை மதிக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்துவிட்டவன் நான்.

நான் செய்தவற்றையும் சொல்கிறேன், யாருக்கேனும் பயன்படலாம். கிணற்றுச் சாடியின் கதை எனக்கு வழிகாட்டியது. ஒளியாமல் 1930 என்னும் எண்ணுக்கு அழைத்து முறையிட்டேன். என் பட்டியலிலிருந்த ஒவ்வொருவருக்கும் நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டேன். கைப்பேசியின் அமைப்புகளுக்குள் சென்று பார்த்தேன். வானிலை சொல்லும் செயலியும், படத்தை அழகாக்கும் செயலியும்கூட என் நண்பர்களின் எண்களைப் பார்க்க இசைவு பெற்றிருந்தன! மழை வருமா என்று சொல்ல என் அத்தையின் எண் எதற்கு? எல்லாவற்றையும் நீக்கினேன். மழைச் செய்தி முன்போலவே வருகிறது.

இரண்டாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு துறைக்குச் சென்றேன். பெயர் எப்படித் தெரிந்தது என்பதைப் பெரியவரிடம் மறைக்காமல் சொன்னேன். நெடுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பணத்தை வாங்கிக்கொண்டு, மறுநாள் படகு ஆறு மணிக்கு என்றார். அவர் புதிய எண் மாற்றியிருந்தார். அதை எனக்குச் சொன்னார். நான் அதைக் கைப்பேசியில் பதியவில்லை; களக் குறிப்பேட்டின் கடைசித் தாளில் எழுதிக்கொண்டேன்.

நண்பர்களே! வசதியைத் துறந்து காட்டுக்குப் போகச் சொல்லவில்லை. பாரதியாரும் தபாலைத் துறக்கவில்லை. நம்முடைய மறைவை நாம் விற்கலாம். அது நம் உடைமை. ஆனால் கைப்பேசியில் உள்ள பெயர்கள் நம்மிடம் அடைக்கலமாக வந்தவை. அடுத்த முறை ஒரு செயலி அவற்றைக் கேட்கும்போது, விரலை வைக்குமுன், அப்பெயர்களில் மிக எளியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள்.